கபினியில் ஓர் இரவு: எல்லாம் சேர்த்த கட்டணத்தில் எது சேர்த்தி?

ஆடி பிறந்துவிட்டால் நம் ஊர்ப் பத்திரிகைகளில் கபினி வந்துவிடும். வயநாட்டில் மழை, கபினி நிரம்பியது, உபரிநீர் திறப்பு, மேட்டூருக்கு வரத்து கூடியது என்று வரிசையாகப் படித்திருப்போம். அந்த அணைக்குப் பின்னால் தேங்கி நிற்கும் நீரின் கரையில்தான், கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டை ஒட்டி, ஒரு இரவுக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்கும் ரிசார்ட்டுகள் இருக்கின்றன. அறை, மூன்று வேளைச் சாப்பாடு, சஃபாரி எல்லாம் ஒரே கட்டணத்தில். முதல்முறை போகிறவர்கள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் முதல்முறை நானும் அங்கெல்லாம் விழுந்தேன்.

நீங்கள் காசு கொடுப்பது அறைக்கு அல்ல, ஒரு கால அட்டவணைக்கு. இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும். பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்குப் போய்ச் சேர்வீர்கள். சாப்பாடு. மூன்று, மூன்றரைக்கு மாலை சஃபாரி. இருட்டும்போது திரும்பினால் டீ, குளியல், இரவுச் சாப்பாடு. விடியுமுன் கதவைத் தட்டி எழுப்புவார்கள். ஆறு, ஆறரைக்குக் காலை சஃபாரி. ஒன்பதரைக்குத் திரும்பி வந்து சிற்றுண்டி. பத்தரை, பதினொன்றுக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். கூட்டிப் பாருங்கள், ஒரு நாள் என்று சொல்லி விற்பது இருபத்திரண்டு மணி நேரம்தான். அதில் ஆறு மணி நேரம் காட்டில், ஏழு மணி நேரம் தூக்கத்தில். அந்தத் தனி நீச்சல் குளத்தை, நதி பார்த்த ஊஞ்சலை, குளியல் தொட்டியை அனுபவிக்க மிஞ்சுவது எவ்வளவு?

அதனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஓர் இரவா இரண்டா என்பது.

ஓர் இரவு என்றால் இரண்டு சஃபாரி. இரண்டு இரவு என்றால் நான்கு. ஆனால் வித்தியாசம் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. இரண்டு இரவு தங்கினால் நடுவில் ஒரு முழுப் பகல் கிடைக்கும். காலை சஃபாரி முடிந்து மாலை சஃபாரி வரை உங்களை யாரும் எங்கும் கூப்பிட மாட்டார்கள். அந்த ஐந்தாறு மணி நேரம்தான் ரிசார்ட். ஓர் இரவு மட்டும் தங்குகிறவர், அழகான அறையில் பெட்டியைத் திறந்து மூடிவிட்டுத்தான் வருவார். என் கருத்து: கையில் இருக்கும் பணம் சொகுசு ரிசார்ட்டில் ஓர் இரவுக்குத்தான் வருமென்றால், அதே பணத்தில் எளிமையான இடத்தில் இரண்டு இரவு தங்குங்கள். எல்லாருக்கும் காடு ஒன்றுதான். புலி எந்த அறையில் தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. கல்யாண நாள், அறுபதாம் கல்யாணம் மாதிரி விசேஷத்துக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு அறையே விசேஷம்.

எப்போது போவது

இதற்கு நான் வைத்திருக்கும் வழி, அணையின் நீர்மட்டத்தைப் பார்ப்பது. கபினியின் முழு நீர்மட்டத்தை நம் பத்திரிகைகள் 84 அடி என்று போடும். கர்நாடகத்தில் 2,284 அடி என்பார்கள். இரண்டும் ஒன்றுதான், அவர்கள் கடல் மட்டத்திலிருந்து எண்ணுகிறார்கள். கொள்ளளவு 19.52 டி.எம்.சி. மேட்டூரின் 93.47-ஓடு ஒப்பிட்டால் சின்ன அணை. சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் இறங்கும். நமக்கு வேண்டியது இறங்கும் காலம். தை, மாசிக்குப் பிறகு நீர் பின்வாங்கப் பின்வாங்க, மூழ்கிக் கிடந்த சரிவெல்லாம் வெளியே வந்து பசும்புல் முளைக்கும். காட்டுக்குள் குட்டைகள் வற்றிப்போயிருக்கும். புல்லும் தண்ணீரும் ஒரே இடத்தில் இருக்கிறதென்றால் யானைகள் விடுமா? பங்குனி, சித்திரையில் மாலை நேரத்தில் கூட்டம் கூட்டமாக இறங்கி வரும். ஆசிய யானைகள் இவ்வளவு பெரிய அளவில் ஒன்றுகூடும் இடங்கள் உலகிலேயே மிகக் குறைவு. இலையெல்லாம் உதிர்ந்து காடு வெளிச்சமாக இருப்பதால் மற்ற விலங்குகளும் கண்ணில் படும். விலை என்னவோ வெயில்தான். மூன்றரை மணி ஜீப்பில் உச்சி வெயிலும் செம்மண் புழுதியும் உங்களுக்கே.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நேர்மாறு. எங்கும் தண்ணீர், எங்கும் புல். விலங்குக்கு ஆற்றங்கரைக்கு வரவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் காடு பார்க்க அதுதான் அழகு, கட்டணமும் இறங்கியிருக்கும். விலங்கைவிட மழையும் ஓய்வும் வேண்டும் என்கிறவர்கள் அப்போது போகலாம். மார்கழி, தையில் காலை ஜீப்பில் குளிர் காதைக் கடிக்கும். பறவைக்காரர்களுக்கு அது நல்ல பருவம்.

தேதி குறிக்கும் முன் இன்னொன்று. காட்டில் சஃபாரி நடக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். 2025 நவம்பரில், காட்டோரக் கிராமங்களில் புலி தாக்கி உழவர்கள் இறந்ததையடுத்து, நாகரஹொளே, பந்திப்பூர் இரண்டிலும் சஃபாரியை நிறுத்த கர்நாடக வனத்துறை உத்தரவிட்டது. முன்பணம் கட்டியிருந்தவர்கள் திண்டாடிப் போனார்கள். ரிசார்ட் திறந்திருக்கும், சாப்பாடு இருக்கும், நீங்கள் எதற்காகப் போனீர்களோ அது இருக்காது. "சஃபாரி நடக்காவிட்டால் பணம் எவ்வளவு திரும்பும், தேதி மாற்றலாமா?" என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பிறகு பணம் கட்டுங்கள். தொலைபேசியில் "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று சொல்வது பதில் ஆகாது.

பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவை

ஓட்டல்காரர்களிடம் சில சுருக்கெழுத்துகள் உண்டு. சி.பி. என்றால் அறையும் காலைச் சிற்றுண்டியும். எம்.ஏ.பி. என்றால் அதோடு இன்னொரு வேளை. ஏ.பி. என்றால் மூன்று வேளையும். காட்டு ரிசார்ட்டுகளில் ஏ.பி.யோடு சஃபாரியையும் சேர்த்து "ஜங்கிள் பிளான்" போல ஏதாவது ஒரு பெயர் வைத்திருப்பார்கள். பதிவுத் தளங்களில் விலை குறைவாகத் தெரியும் அறை பெரும்பாலும் சி.பி.யாக இருக்கும். அங்கே போய்ப் பார்த்தால் மதியச் சாப்பாட்டுக்கும் சஃபாரிக்கும் தனித்தனியாகக் கட்டி, கடைசியில் ஜங்கிள் பிளானைத் தாண்டி நிற்கும். சுற்றிலும் கடையோ மெஸ்ஸோ கிடையாது. இங்கே எல்லாம் சேர்த்த கட்டணம் என்பது சலுகை இல்லை, அதுதான் இயல்பான ஏற்பாடு. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் 1980-இல் தொடங்கியதிலிருந்தே தங்குவது, தின்பது, காட்டுக்குப் போவது மூன்றையும் ஒரே முடிச்சாகத்தான் கட்டி விற்கிறார்கள். கபினிக் கரையிலுள்ள காராபுரத்தில் மைசூர் மகாராஜாவின் பழைய வேட்டை மாளிகையில் நடக்கும் கபினி ரிவர் லாட்ஜ் அவர்களுடையது. கர்னல் ஜான் வேக்ஃபீல்டு என்ற பழைய வேட்டைக்காரர் 2010-இல் காலமாகும் வரை அங்கேயே வாழ்ந்தார். வேட்டையை விட்டுவிட்டுக் காட்டைக் காட்டுகிறவராக மாறியவர்.

தனியார் ரிசார்ட்டில் தங்கினாலும் காட்டுக்குள் போவது பொதுவாக ஜங்கிள் லாட்ஜஸ் வண்டியில்தான். ஒரு வேளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பு உண்டு. அந்த இருக்கைகள்தான் ரிசார்ட்டுகளுக்குப் பங்கிடப்படுகின்றன. எனவே அறை உறுதியானால் இருக்கையும் உறுதி என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் முதலில் போனபோது அப்படித்தான் நினைத்தோம். வரவேற்பறையில் குளிர்ந்த துண்டும் எலுமிச்சைச் சாறும் கொடுத்துவிட்டு, "ஜீப் ஃபுல் சார், இன்னைக்கு படகுல போங்க" என்றார்கள். படகு நன்றாகவே இருந்தது, அது வேறு விஷயம். ஆனால் நான் காசு கட்டியது ஜீப்புக்கு. வவுச்சரை எடுத்துப் பார்த்தால் "சஃபாரி" என்று மட்டும் இருந்தது. எந்த வண்டி என்று இல்லை. அன்றிலிருந்து, எந்தெந்தத் தேதியில், எந்த வேளையில், எந்த வண்டியில் எத்தனை இருக்கை என்று வவுச்சரிலேயே எழுதச் சொல்லிவிடுகிறேன்.

மதுபானம், ஸ்பா, துணி துவைப்பது, பெரிய லென்ஸ் வைத்த கேமராவுக்கான கட்டணம் ஆகியவை கட்டணத்தில் சேர்த்தியா என்று கேளுங்கள். பெரும்பாலும் சேராது. குழந்தைக்கு எந்த வயது வரை இலவசம், எந்த வயதிலிருந்து ஜீப்பில் ஏற்றுவார்கள் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். வரி தனி. அறைக் கட்டணம் 7,500 ரூபாய்க்கு மேலே போனால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 40,000 ரூபாய் என்று விளம்பரத்தில் பார்த்தால், கையிலிருந்து போவது 47,200.

வாடகை டாக்சியில் போகிறவர்கள் மறந்துபோகும் ஒன்று: டிரைவர். அவருக்குப் படுக்கவும் சாப்பிடவும் இடம் உண்டா? சில இடங்களில் தனி விடுதி இருக்கிறது, சில இடங்களில் எதுவும் இல்லை. நாம் நாற்பதாயிரம் கொடுத்து நுரைமெத்தையில் படுத்திருக்க, நம்மை மலையேற்றிக் கொண்டுவந்தவர் காரின் முன்சீட்டைச் சாய்த்துத் தூங்குவது நன்றாகவா இருக்கும்? பதிவு செய்யும்போதே கேட்டு ஏற்பாடு செய்துவிடுங்கள்.

போய்ச் சேர்வது

மதியச் சாப்பாட்டுக்கு முன் அங்கே இருக்க வேண்டும். தாமதமாகப் போனால் அறையும் இருக்கும், சாப்பாடும் எடுத்து வைத்திருப்பார்கள், ஆனால் சஃபாரி வண்டி காத்திருக்காது. பாதிப் பணம் அங்கேயே போயிற்று.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இரவு ரயில்தான் சரி. காவேரி எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் காலையில் மைசூரு. வந்தே பாரத் வேகமாக வரும், ஆனால் விடியற்காலை கிளம்பி மைசூரு சேரவே மதியம் ஆகிவிடும். அங்கிருந்து காராபுரத்துக்கு ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். மாலை சஃபாரிக்குக் கயிற்றின் மேல் நடக்கிற கதைதான். வழியில் டயர் பஞ்சரானால் முடிந்தது. காலையில் இறங்கியவர்கள் மைசூரில் ஒரு மசாலா தோசையைச் சாப்பிட்டுவிட்டு, ஹெக்கடதேவனகோட்டை வழியாக நிதானமாகப் போகலாம். ஊர்ப் பெயர் நீளமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், எல்லாரும் எச்.டி. கோட்டை என்றுதான் சொல்வார்கள். பெட்ரோல், ஏ.டி.எம்., மருந்துக் கடை எல்லாம் அதோடு சரி. அதற்கப்புறம் எதையும் நம்ப முடியாது, செல்போன் சிக்னல் உட்பட.

கோவை, ஈரோடு பக்கமிருந்து காரில் வருகிறவர்கள் சத்தியமங்கலம், திம்பம், சாமராஜநகர், நஞ்சன்கூடு வழி வரலாம். திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதால், விடியற்காலை ஆறு மணிக்குப் பண்ணாரி சோதனைச்சாவடி திறக்கும்போது அங்கே நிற்கிற மாதிரி கிளம்புங்கள். பண்ணாரி அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, சாமராஜநகரில் காலை டிபனை முடித்தால் பதினோரு மணிக்கெல்லாம் கபினி. ஊட்டி, கூடலூர் வழி போகலாமே என்று தோன்றும். நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வாங்க வேண்டும், பந்திப்பூர் சாலையிலும் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை வண்டி போக முடியாது. தங்கிப் போகிறவர்களுக்கு அது நல்ல வழி. நேராகப் போய்ச் சேர நினைப்பவர்களுக்கு இல்லை.

சில ரிசார்ட்டுகள் நீர்த்தேக்கத்தின் மறுகரையில் இருக்கின்றன. அங்கே தங்கினால் ஒவ்வொரு சஃபாரிக்கும் முதலில் படகில் கடந்து வந்துதான் ஜீப் ஏற வேண்டும். படகுப் பயணம் இதமானது. ஆனால் காலையில் அரை மணி நேரம் முன்னதாக எழ வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

மூட்டையில் என்ன

மண் நிறத்தில், இலை நிறத்தில் இரண்டு செட் உடை. பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் ஊரில் இருக்கட்டும். புழுதிக்கு ஒரு துண்டு, வெயிலுக்குத் தொப்பி, குளிர்காலமானால் காதை மூடுகிற குல்லாய், ஸ்வெட்டர். பைனாகுலர் இருந்தால் கட்டாயம். கேமராவைவிட அதுதான் உதவும். வாசனைத் திரவியம் வேண்டாம். நாள்தோறும் எடுக்கும் மாத்திரைகளை ஒருநாள் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை எல்லாருக்கும், குழந்தைக்கும் சேர்த்து.

முதல் நாள்: மதியமும் மாலையும்

சாப்பாட்டு மேசையில்தான் பலருடைய சஃபாரி கெடுகிறது. எல்லாம் சேர்த்த கட்டணம் என்றதும் நமக்குள் ஒரு கணக்குப்பிள்ளை விழித்துக்கொள்வான். பஃபேயில் நாற்பது வகை இருக்கிறதென்றால் நாற்பதையும் தொட்டுவிட வேண்டும் என்பான். எங்கள் அம்மா மறுநாள் என் தட்டைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இத்தன காசு குடுத்துப்போட்டு ரெண்டு இட்லியோட எந்திரிக்கறே?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் முந்தின நாள் மதியம் பிரியாணி, பாயசம், கேக் என்று வசூல் செய்துவிட்டு, குண்டும் குழியுமான காட்டுப் பாதையில் மூன்று மணி நேரம் குலுங்கியது நான்தான். வாந்தி வராதது பண்ணாரியம்மன் புண்ணியம்.

மதியம் பாதி வயிறு போதும். தண்ணீரையும் அளவாகக் குடியுங்கள், வண்டி கிளம்பும் முன் கழிவறைக்குப் போய்விடுங்கள். காட்டுக்குள் இறங்க அனுமதி இல்லை. வயதானவர்களையும் சர்க்கரை நோயாளிகளையும் அழைத்துப் போகிறவர்கள் இதை அலட்சியம் செய்ய வேண்டாம். முதுகு, கழுத்து வலி உள்ளவர்கள் முன்வரிசையையோ நடுவரிசையையோ கேட்டு வாங்குங்கள். கடைசி வரிசை தூக்கித் தூக்கிப் போடும். கர்ப்பிணிகளுக்கு ஜீப் வேண்டாம், படகு போதும்.

வண்டியைப் பற்றி. ஜீப்பில் ஏழெட்டுப் பேர், கேன்டர் என்கிற திறந்த வேனில் இருபது பேருக்கு மேல். கேன்டரில் பேச்சு அடங்கவே கால் மணி நேரம் ஆகும். முடிந்தால் ஜீப். ஆனால் நான்கு வாய்ப்பு கிடைத்தால் ஒன்றைப் படகுக்குக் கொடுங்கள் என்பேன். அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் பட்டுப்போய் இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். கரையில் முதலைகள். அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பம். யானைக் கூட்டத்தைத் தண்ணீரிலிருந்து பார்க்கும்போது அவையும் பதறுவதில்லை, நாமும் பதறுவதில்லை. குலுக்கல் இல்லை, புழுதி இல்லை. அம்மாவுக்கு இரண்டு நாளில் பிடித்தது அது ஒன்றுதான்.

ஜீப்பில் வருகிற வழிகாட்டியை அங்கே நேச்சுரலிஸ்ட் என்பார்கள். ஏறியதும் அவரிடம் புலி வருமா, கருஞ்சிறுத்தை வருமா என்று கேட்காதீர்கள். கபினி கருஞ்சிறுத்தையின் படம் உலகம் சுற்றியதிலிருந்து தினமும் ஐம்பது பேர் அதைத்தான் கேட்கிறார்கள். "பறவையும் பார்க்கணும், பொறுமையா போகலாம்" என்று சொல்லிப் பாருங்கள், அவர் முகம் மாறும். அதன்பிறகு நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். நல்ல வழிகாட்டி விலங்கைத் தேடுவதைவிட ஒலியைத் தேடுவார். எஞ்சினை அணைத்துவிட்டுக் காது கொடுப்பார். மரத்தின் மேலிருந்து சாம்பல் மந்தி இருமுவதுபோல் கத்தும், கீழே புள்ளிமான் கீச்சென்று கூவும், கடமான் கனத்த குரலில் ஒருமுறை ஒலிக்கும். புள்ளிமான் சும்மாவும் பயப்படும். கடமான் கத்தினால் பெரும்பாலும் பொய் இருக்காது. அந்த நேரத்தில் வண்டியில் யாராவது சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தால் மற்றவர்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே! கைபேசியை நுழைவாயிலிலேயே வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு. கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுங்கள்.

புலி தெரியாமல் திரும்புவதுதான் வழக்கம். காட்டெருமை, செந்நாய்க் கூட்டம், தேக்கு மரக் கிளையில் காலைத் தொங்கவிட்டுப் படுத்திருக்கும் சிறுத்தை, இவற்றில் ஏதாவது ஒன்று கிடைத்தாலே நல்ல நாள். நாங்கள் போன நான்கு சஃபாரியில் ஒன்றில் புலியைப் பார்த்தோம், அதுவும் பின்பக்கம் மட்டும்.

இரவில்

திரும்பியதும் டீயும் பக்கோடாவும் இருக்கும். காட்டைப் பற்றிய ஒரு படம் போடுவார்கள். பிறகு நெருப்பு மூட்டி உட்கார வைப்பார்கள். இருட்டிய பின் அறைக்குத் தனியாக நடக்க வேண்டாம். காவலாளி டார்ச்சோடு கூடவே வருவார், அதை உபசாரம் என்று நினைத்து மறுக்காதீர்கள். காட்டு விலங்குக்கும் ரிசார்ட்டுக்கும் நடுவே இருப்பது பல இடங்களில் ஒரு வேலி மட்டும்தான்.

இரவுச் சாப்பாட்டில் பாஸ்தாவையும் மஞ்சூரியனையும் தாண்டிப் போங்கள். சமையற்காரரிடம் நேராகப் போய், "இந்த ஊர்ச் சாப்பாடு என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். ராகி முத்தே, பஸ்ஸாரு, அக்கி ரொட்டி, குடகுப் பக்கத்துக் கடம்புட்டு என்று மெனுவில் இல்லாததெல்லாம் வெளியே வரும். ராகி முத்தே நம் களிதான், ஆனால் மெல்லாமல் விழுங்க வேண்டும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் உப்பு, காரம் குறைத்தும் செய்து கொடுப்பார்கள். இந்த அளவுக் கட்டணத்தில் அது நம் உரிமை, கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

அறையைப் பற்றி ஒரு வார்த்தை. ஓலைக் கூரை, மண் சுவர் போன்ற பூச்சு, உள்ளே தனிக் குளம் என்று குறும்பர் குடிசையின் சாயலில் கட்டிய அறைகள் இங்கே பேர்போனவை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குறும்பர்களில் ஒரு பிரிவினரான ஜேனு குறும்பர்கள் பலர் காட்டுக்குள்ளிருந்து வெளியேற்றப்பட்டு, காட்டின் விளிம்பில் ஹாடி என்கிற குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். நாகரஹொளேயில் தங்கள் பழைய இடத்துக்கே திரும்பும் உரிமையைக் கேட்டு 2025-இலும் போராடினார்கள். கிராமச் சுற்றுலா என்று ரிசார்ட்டில் அழைத்தால் போகலாம். ஆனால் வீட்டுக்காரர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், குழந்தைகளுக்கு மிட்டாய் நீட்டாதீர்கள்.

பத்து மணிக்குள் படுத்துவிடுங்கள். அலாரம் வைக்க வேண்டாம், எழுப்புவார்கள்.

இரண்டாம் நாள்

காலை சஃபாரிக்கு வெறும் வயிற்றில் காபியும் இரண்டு பிஸ்கட்டும் போதும். முதல் நாள் ஒரு பகுதிக்குப் போயிருந்தால் இன்று அடுத்த பகுதிக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஏ, பி என்று பிரித்திருக்கிறார்கள். கேட்டால் எப்போதும் கிடைக்கும் என்றில்லை, கேட்காவிட்டால் கிடைக்கவே கிடைக்காது. காலைக் காட்டில் தரையைப் பாருங்கள். இரவு போன விலங்குகளின் தடம் பாதை மண்ணில் அழியாமல் இருக்கும். புலியின் தடம் எது, சிறுத்தையின் தடம் எது என்று வழிகாட்டி சொல்லித் தருவார்.

ஓர் இரவுக்காரர்களுக்கு இங்கே ஒரு யோசனை. சஃபாரிக்குக் கிளம்பும் முன்பே பெட்டியைக் கட்டிவிடுங்கள். முந்தின இரவே வரவேற்பறையில் கணக்கை எடுத்துத் தரச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். ஒன்பதரைக்குத் திரும்பியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டு, குளித்து, பணம் கட்ட வரிசையில் நிற்பார்கள். அந்த அவசரத்தில் எதையும் பார்க்காமல் அட்டையைத் தேய்த்துவிட்டு வருவோம். எங்கள் கணக்கில் நாங்கள் தொடாத சோடா இரண்டு இருந்தது. சொன்னதும் எடுத்துவிட்டார்கள். அறைக் குளிர்பெட்டியில் எது இலவசம், எது காசு என்று முதல் நாளே கேட்டிருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது. முன்பணம் கழிக்கப்பட்டிருக்கிறதா, கேமராக் கட்டணம் இரண்டு தடவை விழுந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

டிப்ஸ்: வரவேற்பறையில் பொதுப் பெட்டி இருந்தால் சமையலறை, துப்புரவுப் பணியாளர்களுக்கும் சேர்ந்து போகும், அதில் போடுவதே நியாயம். ஜீப் ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் கையில் கொடுப்பது வழக்கம். புலியைக் காட்டினால் ஐந்நூறு, காட்டாவிட்டால் நூறு என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அப்படிக் கொடுக்கப்போய்த்தான் ஓட்டுநர்கள் விலங்கின் மேலேயே வண்டியை ஏற்றுகிற அளவுக்கு நெருங்குகிறார்கள். சில்லறையை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள்.

சிற்றுண்டியை மட்டும் நிதானமாகச் சாப்பிடலாம். இனி குலுக்கல் இல்லை, அம்மா சொன்னபடி செய்யலாம்.

திரும்பும் வழியில் நஞ்சன்கூட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலின் பக்கத்தில் ஓடுவது இதே கபினிதான், அங்கே கபிலா என்பார்கள். இன்னும் கொஞ்ச தூரத்தில் திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியில் கலந்து நம் பக்கம் வந்துவிடும். கடைவீதியில் நஞ்சன்கூடு ரசபாளை என்று ஒரு வாழைப்பழம் கேளுங்கள். புவிசார் குறியீடு பெற்றது, விளைச்சல் குறைவு, எல்லா நாளும் கிடைக்காது. கிடைத்தால் காய்வெட்டாக ஒரு சீப்பு வாங்குங்கள், பழுத்தது காரில் நசுங்கிவிடும். மதியம் இரண்டு மணிக்குள் அங்கிருந்து கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே திம்பம் இறங்கிவிடலாம்.